மண்ணீரல் இல்லாதவர்களின் பட்டியல்

எனக்குப் பிறகு ஆபரேஷன் தியேட்டர் பொறுப்புக்கு வந்த கவிதா போன மாதம் போன் செய்தாள். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

"அக்கா, ரெண்டு வருஷமா நம்ம தியேட்டர்ல ஒரு ஸ்ப்ளீன்கூட வெளிய எடுக்கலக்கா. புதுசா வந்த பொண்ணுங்க யாரும் பாத்ததே இல்ல. நீங்க நாலு பக்கம் எழுதிக் குடுங்க, கிளாஸ்ல படிச்சுக் காட்டறேன்" என்றாள்.

இப்போது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மண்ணீரலில் ஒழுகுகிற ரத்தக்குழாயை மட்டும் உள்ளிருந்தே அடைத்துவிடுகிறார்களாம். மீதி மண்ணீரல் தன் இடத்திலேயே இருந்துகொள்கிறது. கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவந்து உட்கார்ந்தேன். திண்டிவனத்தில் என் வீட்டில் எழுதுவதற்கு அமைதி தேவைப்பட்டால் அது தாராளமாகக் கிடைக்கும். ஓய்வு பெற்று ஆறு வருடமாக நானும் ஒரு மின்விசிறியும்தான் இங்கே குடியிருக்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பம் சென்னையில். பொங்கலுக்குப் பேசுவார்கள்.

நர்ஸ் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாண்டிச்சேரியில் மூன்றரை வருடம். அழுதேன், பாஸானேன். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இருபத்தெட்டு வருடம் அதன் தியேட்டரிலேயே கழிந்தது.

நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீடு. பொழுது சாய்ந்தால் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். மண்ணுக்குள் விளைகிற கிழங்கு வீட்டுக்குள் வராது. எறும்பை மிதித்தால் திட்டு விழும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கத்தியும் இடுக்கியும் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். கையில் என்னவெல்லாம் ஏந்துகிறாய் என்று அம்மா கடைசிவரை கேட்டதில்லை. நான் வந்ததும் குளியலறைக் கதவைத் திறந்து வைப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் அறுவை சிகிச்சை டாக்டரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். திருக்கோவிலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒல்லியான ஆள். தியேட்டரில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பான கருவியைக் கொடுத்துவிட்டால் வாய் திறக்காமல் திருப்பித் தருவார். விரித்த உள்ளங்கை மட்டும் காத்துக்கொண்டு நிற்கும். அதற்கு அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

மண்ணீரல் கேஸ் என்றால் கத்தியைத் தொடுமுன் கேள்வி கேட்பார். ஜூனியர் டாக்டர்களோடு விடமாட்டார், எனக்கும் உண்டு.

"சிஸ்டர், எங்க இருக்கு?"

"இடது பக்கம் சார். ஒன்பது, பத்து, பதினொண்ணாம் விலாவுக்கு உள்ள."

"எத்தனை கட்டுல நிக்குது?"

"நாலு. இரைப்பை, சிறுநீரகம், பெருங்குடல், உதரவிதானம்."

"ரத்தம்?"

இதற்கு மட்டும் நான் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வேன். வயிற்றின் பெரிய தமனியிலிருந்து பிரிகிற ஒரு கிளை கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து வரும். அதுதான் மண்ணீரல் தமனி. சிரை கணையத்துக்குப் பின்னால் அவ்வளவாக வளையாமல் திரும்பிப் போகும். தமனி மண்ணீரலின் வாசலுக்கு வந்ததும் இரண்டாக, சிலருக்கு மூன்றாகப் பிரியும். கணையத்தின் வால் நுனியும் அதே வாசலில் வந்து படுத்திருக்கும். அவசரத்தில் அந்த வாலைக் கிள்ளிவிட்டால் அதன் நீர் கசிந்து வயிற்றையே அரித்துவிடும். இரைப்பையின் மேல்பக்கத்திலிருந்து வருகிற நாலைந்து குட்டிக் குழாய்கள் வேறு உண்டு. அதில் கடைசி ஒன்று மேலே ஒளிந்துகொண்டிருக்கும். எங்களைப் படுத்தி எடுத்தது எப்போதும் அதுதான்.

ஒவ்வொரு கிளையும் தன் பங்குக்கு மட்டும்தான் பாயும், பக்கத்துப் பங்குக்குப் போகாது என்பதை ஜூனியர்களுக்கு அவர் சொல்லுகிற விதம் எனக்குப் பிடிக்கும். "ஒரே கெணறு, மூணு மடை. ஒரு மடையை அடைச்சா அந்தப் பாத்திதான் காயும். அடுத்த பாத்தி பச்சையா நிக்கும். அதனால முழுசா எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் பாத்தி பச்சையா இருக்குன்னு பாருங்க" என்பார்.

நாள்பட்ட நோயில் வீங்கி வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய மண்ணீரல் என்றால் முதலில் தமனியை மட்டும் கட்டுவார். சிரையைத் தொடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே தேங்கிய ரத்தமெல்லாம் சிரை வழியாக உடம்புக்குத் திரும்பும். மண்ணீரல் கண்ணெதிரே சுருங்கும். "அவன் ரத்தம், அவனுக்கே போவட்டும்" என்பார்.

சாயங்கால கேஸ் என்றால் நான் இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் சொன்னதில்லை. "வேகவெச்ச கருவி செட் இன்னும் ஆறல, பத்து நிமிஷம் போவட்டும்" என்று ஐந்தரை மணிக்குச் சொல்வார். செட் ஆறி அரைமணி ஆகியிருக்கும். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அதைப் பற்றி ஒரு நாளும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. பல இடங்களில் இப்போதும் உண்டு. உடம்பிலிருந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்து, தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். எடுத்தது எடுத்ததுதான் என்று அவர்கள் நம்புவதற்காக. அந்த வேலை என்னுடையது. கதவைப் பாதி திறந்து, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று பேஷன்ட் பெயரைச் சொல்லிக் கேட்பேன். வந்தவரிடம் காட்டுவேன். மண்ணீரலைப் பார்த்தால் எல்லோரும் பயந்துபோவார்கள். கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற ஒன்றை உடம்பிலிருந்து எடுத்த பிறகு ஆள் எப்படி இருப்பான் என்று கேட்பார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "இது இல்லாட்டி ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க." சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத முடியும்.

இனி வேலுவைப் பற்றி. வல்லம் பக்கத்து ஆள், இருபத்தாறு வயது. கரும்பு லோடு ஏற்றும்போது டிராக்டர் டிரெய்லரின் விளிம்பில் இடது விலா அடிபட விழுந்திருக்கிறான். எழுந்து மீதிக் கரும்பையும் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மறுநாள் இடது தோளில் வலி. ஊரில் யாரோ எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் மயங்கி விழுந்ததும் அவன் அம்மா அஞ்சலை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தோள்பட்டை பிசகிக்கினு இருக்குது சார்" என்றான் வேலு.

சீஃப் தோளைத் தொடவே இல்லை. நகத்தை அழுத்திப் பார்த்தார். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். உயர்த்தியதும் வேலு தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"தோள்ல ஒண்ணும் இல்ல. மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் உதரவிதானத்துக்கு அடியில நிக்குது. அங்க குத்தினா தோள்ல வலிக்கும்" என்று ஜூனியரிடம் சொல்லிக்கொண்டே கை கழுவப் போனார். கேள்விகள் எதுவும் அன்றைக்குக் கேட்கவில்லை.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி மேலே வந்தது. சீஃப்பின் இடது கை உள்ளே போய், கண்ணால் பார்க்காமலேயே மண்ணீரலின் காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தது. ரத்தம் நின்றது. துடைத்துப் பார்த்தோம். மேல் இரண்டு பங்கும் சிதைந்திருந்தன. கீழ்ப் பங்கு கொஞ்சமும் கெடாமல், நல்ல நிறத்தோடு, தன் கிளையோடு இருந்தது.

"கீழ்ப் பாத்தி பச்சையா இருக்கு" என்றார் சீஃப். அவர் குரலில் ஆசை இருந்தது.

மயக்க மருந்து டாக்டர் தலையை நிமிர்த்தி, "பிரஷர் அறுபது சார். ரெண்டு பாட்டில் ரத்தம்தான் இருக்கு. பிரிச்சுத் தைக்கற நேரம் இவன் தாங்கமாட்டான்" என்றார்.

சீஃப் அந்தக் கீழ்ப் பங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாறு நொடி இருக்கும். பிறகு உள்ளங்கையை விரித்தார். நான் கிளாம்ப்பை வைத்தேன். கணைய வாலை விரலால் ஒதுக்கி, காம்பைக் கட்டி, குட்டிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, மேலே ஒளிந்திருந்ததையும் தேடிக் கட்டினார். பஞ்சுத் துணிகளை எண்ணினேன், சரியாக இருந்தது. பிரஷர் ஏறியது.

தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன்.

"வேலு கூட யாரு வந்திருக்கீங்க?"

"நான்தான்" என்று அஞ்சலை எழுந்து வந்தாள். அவளைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. தட்டைப் பார்த்தாள். தொடப் போவதுபோலக் கையை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

"இத்த எடுத்துட்டா எம் புள்ள இன்னாம்மா ஆவறது?"

"இது இல்லாட்டி ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க" என்றேன்.

பத்தாம் நாள் வேலு நடந்து வீட்டுக்குப் போனான். மண்ணீரல் ரத்தத்தைச் சலித்துச் சில வகைக் கிருமிகளைப் பிடித்துக் கொல்கிற உறுப்பு. அது இல்லாதவர்களுக்கு அந்தக் கிருமி தொற்றினால் ஒரே நாளில் உடம்பெல்லாம் பரவிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. அப்போது எங்களிடம் இருப்பு இல்லை, பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஊசிக்கு வரவும், காய்ச்சல் வந்தால் உடனே வரவும் என்று சீஃப் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினார். இங்கிலீஷில் எழுதினார். அவர்கள் வரவில்லை. வராததை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

மறு வருடம் கார்த்திகை மழை சமயம். ஒரு காலை பத்து மணிக்கு, கீழே ஒரு பேஷன்ட்டுக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கைகால் ஐஸாக இருந்தது. தோலெல்லாம் ஊதாத் திட்டு. சட்டையை விலக்கியபோது தழும்பைப் பார்த்தேன். எங்கள் தையல். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்து வேலு என்று தெரிந்துகொண்டேன். முந்தைய நாள் காலையில் காய்ச்சல், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். அஞ்சலை கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கழனிக்குப் போயிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குள் வேலு இறந்துவிட்டான்.

அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏதோ சந்தேகம் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"நீதானம்மா சொன்ன? அது இல்லாட்டி ஒண்ணும் ஆவாதுன்னு."

மாடிக்கு வந்து, துவைத்து அடுக்கியிருந்த பச்சைத் துணிகளை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சீஃப்பின் அறைக்குப் போய் வேலு போனதைச் சொன்னேன், தட்டோடு நின்று நான் சொன்ன வார்த்தையையும் அப்படியே.

"கீழ்த் துண்டை விட்டிருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?" என்றார்.

"எல்லார்கிட்டயும் சார்."

"அப்ப எல்லாரையும் தேடணும்."

தியேட்டர் ரெஜிஸ்டர்களை எடுத்துப் பட்டியல் போட்டேன். நாற்பதுக்குக் கொஞ்சம் கூட இருந்தது. ஒவ்வொருவருக்கும் தமிழில், என் கையெழுத்தில், தபால் கார்டு. "உங்களுக்கு மண்ணீரல் எடுத்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவும். இந்த அட்டையைக் காட்டவும். தடுப்பூசிக்கு எங்களிடம் வரவும்." கீழே ஆஸ்பத்திரி போன் நம்பர். பிற்பாடு செல்போன் வந்ததும் என் நம்பரையும் சேர்த்தேன். பாதிப் பேரிடமிருந்து பதிலே இல்லை. ஏழெட்டுக் கார்டுகள் திரும்பி வந்தன. என் வார விடுமுறையான வியாழக்கிழமையில் பஸ் ஏறி நானே போக ஆரம்பித்தேன்.

அந்த வியாழக்கிழமைகள் நீளமானவை. டிபன் பாக்ஸில் தயிர் சாதம், மடியில் பட்டியல். ஒரு ஊருக்குப் போய், "வயித்துல ஆபரேஷன் பண்ணவர் வீடு எது?" என்று கேட்டால் முதலில் என்னைக் கடன் வசூலுக்கு வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். அனந்தபுரத்தில் ஒரு வீட்டில் ஆள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எதனால் என்று கேட்டேன், காய்ச்சல் என்றார்கள். கார்டைக் கொடுக்காமல் திரும்பினேன். திருவக்கரைக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"எடுத்தது கிட்னின்னு நெனச்சுக்கினு இருக்கேன் சிஸ்டர். எம் பொண்டாட்டி அத்தச் சொல்லித்தான் என்னை மூட்டை தூக்க வுடமாட்டேங்கறா. நீங்க வூட்டுல மாத்திச் சொல்லிப்புடாதீங்க" என்றார். சிரித்துவிட்டேன். ஊசிக்கு மட்டும் நாள் குறித்துக்கொடுத்தேன்.

வல்லம் பக்கம் போவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே சேகர் என்று ஒருவருக்கு அனுப்பிய கார்டு திரும்பியிருந்தது. கடைசியில் ஒரு வியாழன் போய் இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்திலேயே, தலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடிக் கட்டோடு அஞ்சலை நின்றிருந்தாள்.

"இங்க எங்கம்மா வந்த?"

சொன்னேன். கட்டை இறக்கி வைத்தாள். என் கையிலிருந்த கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். "வா, அவன் வூடு மாறிட்டான்" என்று முன்னால் நடந்தாள்.

சேகரிடம் நான் பேச வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். "தோ பாரு, காச்சல் வந்தா ஒக்காந்துக்கினு இராத. மாத்தர போட்டுக்கினு படுக்காத. ஜல்தியா பஸ் ஏறிடு. எம் புள்ள படுத்துக்கினுதான் இருந்தான்." சேகர் கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது என் நம்பரைக் கேட்டாள். உங்களுக்கு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து போன் செய்கிறாள். ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் தகவல் எனக்குத்தான். நான் போனை எடுத்ததும் கேட்பது, "யாருக்குக் காய்ச்சல்?" என்பதுதான். வயிற்றில் தழும்பு இருக்கிறதா என்று கேட்பேன். இருக்காது. சரி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்பேன். அதோடு முடிந்தது பேச்சு. அவளும் நானும் வேலுவைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை.

சீஃப் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. பட்டியலில் இருப்பவர்களில் சிலர் இன்னும் கூப்பிடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் மட்டும். அவர்களுக்கு நான் அதற்குத்தான். ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன், கவிதா வேண்டுமானால் கிளாஸில் படிக்கும்போது விட்டுவிடட்டும். போன் அடித்தால் எனக்கு மனசு துள்ளுகிறது. யாருக்கோ காய்ச்சல் என்பதற்கு ஒருத்தி சந்தோஷப்படலாமா? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் துள்ளுகிறது.

இந்த நோட்டை ஆரம்பித்த நான்காம் நாள் எனக்கே காய்ச்சல் வந்தது. எனக்கு மண்ணீரல் இருக்கிறது, ஒன்பதாம் விலாவுக்கு உள்ளே, நாலு கட்டோடு. அதனால் அலட்சியம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சேகர் வல்லம். எலுமிச்சை திருவக்கரை. எல்லாமே எனக்குக் காய்ச்சலைச் சொல்கிறவர்கள். அவர்களிடம் என் காய்ச்சலை எப்படிச் சொல்வது?

கடைசியில் அஞ்சலையின் பெயரை அழுத்தினேன்.

"யாருக்கும்மா காச்சல்?" என்றாள், நான் கேட்பது போலவே.

"எனக்குத்தாங்க."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

அந்தப் பக்கம் எதையோ கீழே இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"நீதானம்மா சொன்ன? காச்சல் வந்தா அன்னிக்கே போவணும்னு. இன்னும் ஒக்காந்துக்கினு இருக்க? ஆட்டோ புடிச்சுப் போ. நான் பஸ் ஏறிக்கினு வர்றேன்."

எந்த இடம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், கட்டிலில் படுக்க வைத்தார்கள். டிரிப் பாதி இறங்கியிருக்கும். சின்னப் பெண், புது யூனிபார்ம், கையில் கேஸ் ஷீட்டோடு கதவைப் பாதி திறந்து வெளியே எட்டிப்பார்த்து என் பெயரைச் சொல்லி, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்று சொல்லலாம் என்று தலையைத் தூக்கினேன்.

"நான்தான்" என்றாள் அஞ்சலை, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.